பாஸ்வேர்டு கேட்காத சர்வர்

அன்று காலையில் எங்கள் மில்லிலிருந்து அனுப்பிய மெயில்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஈரோட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நூல் வாங்கும் ஏஜெண்டுகள் ஒவ்வொருவராக ஆபீஸ் போனில் கூப்பிட்டு, "உங்க மெயில்ல இருந்து எனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு வருதே, எப்ப வந்து வாங்கிக்கட்டும்?" என்று சிரித்தார்கள். எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் எங்கள் ஆட்களில் ஒருவருடைய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே புகுந்து, எங்கள் பெயரில் ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை அனுப்பியிருக்கிறான். மற்ற சர்வர்கள் எங்களைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

அந்த சர்வரைக் கட்டி மேய்ப்பவள் நான். ராஜபாளையத்தைத் தாண்டி, சோழபுரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் நூற்பாலை. அங்கே கம்ப்யூட்டர் என்று பெயருள்ள எதற்கும் நானே பொறுப்பு. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் நான், மவுஸ் செத்துப்போனால் நான், கரண்ட் போனால்கூட முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கணவருக்கும் அதே மில்லில்தான் வேலை, டெஸ்பாட்ச் செக்‌ஷனில். எந்த லாரி எந்த ஊருக்கு என்ன நூலை ஏற்றிக்கொண்டு கிளம்பியது என்று ஏஜெண்டுகளுக்கு மெயில் எழுத வேண்டியவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றாக பஸ் ஏறுவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் எங்களிடமும் தெலுங்கு வந்துவிடும்.

"ஏமம்மா இது? மானம் போகுது. மாசக் கடைசிக்குள்ள பூட்டை மாத்துங்க. உள்ள வாரது யாருன்னு சர்வருக்குத் திட்டமாத் தெரியணும்."

"மாத்திருவோம் சார்."

"எல்லாருக்கும் புது பாஸ்வேர்டு. நீளமா, எழுத்து, நம்பர், ஸ்டார் எல்லாம் கலந்து இருக்கணும். மாசா மாசம் மாத்தணும். மூணு தடவை தப்பா அடிச்சா கணக்கைப் பூட்டிட்டு, யாருன்னு எனக்கு ரிப்போர்ட் அனுப்புங்க. யாரு சீட்டுல உக்காந்து தூங்குதாகன்னும் தெரிஞ்சிரும்லா."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மில்லில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். என் கணவரால் இனி எந்தப் புது பாஸ்வேர்டையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

முந்தின வருஷமே அது ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் எடுத்த பிறகும், "ஏ புள்ள, டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்று கேட்பார். எடுத்தாச்சுங்க என்பேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில், யார் வீட்டிலிருந்து வருகிறோம் என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் கேலி பேசினேன். மதுரையில் டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் நான் கேலி பேசுவதை நிறுத்தினேன். இது வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதி இல்லை, வியாதி என்றார். அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

அந்த டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன். "வேலையை விடச் சொல்லாதீங்கம்மா. பழகின இடம், பழகின நாற்காலி, பழகின முகங்கள். இதுதான் இப்போ இவருக்கு மருந்து. வீட்டுல உட்கார வச்சீங்கன்னா சீக்கிரமே..." என்று இழுத்தவர், மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட ஆரம்பித்தார்.

எங்கள் மில்லில் யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். முடியாதவரின் சீட்டை எடுத்துவிட்டு, கழிவுப் பஞ்சு கிடக்கிற கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். சம்பளம் வரும், பேச ஒரு ஆள் வராது. பேரேடு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் கை நடுக்கம் வந்து அங்கே போனார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன், அடுத்த ஆடிக்குள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளாகிவிட்டார். மேனேஜர் கேட்ட ரிப்போர்ட் மட்டும் போனால், அதில் தினமும் முதல் பெயராக என் கணவர் பெயர்தான் இருக்கும். அதை நானே தயாரித்து, நானே அனுப்ப வேண்டும்.

அவருடைய பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு எண்ணும் என் பெயரும். இத்தனை வருஷம் அடித்து அடித்து அது அவர் விரலிலேயே ஊறிப்போயிருந்தது. யோசிக்காமல் கை வைத்தால் சரியாக வரும். என்ன பாஸ்வேர்டு என்று வாயால் கேட்டால் விழிப்பார். அதை மாற்றினால் போச்சு.

இருந்தாலும் முயன்று பார்த்தேன். புதிதாக ஒன்று வைத்து, வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தேன். பல் தேய்க்கும்போது சொன்னார், இட்லி சாப்பிடும்போது சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவதற்குள் காணாமல் போய்விட்டது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாலு பேர் நிற்கிற இடம் என்றுகூடப் பார்க்காமல், "ஒரு வார்த்தைங்க! ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்திவிட்டேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "ஏம்புள்ள வையுத? செத்த நேரம் குடு, படிச்சுக்கிடுவேன்."

பாடம் வராத பிள்ளை மாதிரி அவர் நின்ற அந்த நிற்பைப் பார்த்து எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ராஜபாளையம் வரை அழுதேன். அவர் என்னவென்று கேட்கவில்லை. நான் கத்தியதே அவருக்கு அதற்குள் மறந்துபோயிருக்கும்.

அதற்குப் பிறகு ஆபீசில் நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். ஒருவர் இன்னார்தான் என்று சர்வருக்குத் தெரிவிக்க உலகத்தில் எத்தனை வழி உண்டோ, அத்தனையையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் தங்களுக்கு எது பாதுகாப்பு என்று தேடுவார்கள். நான், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியில்லாத வழி எது என்று தேடினேன்.

அதுவரை நாங்கள் வைத்திருந்தது பழைய முறை. மெயில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அந்த சர்வர் கம்ப்யூட்டருக்கே ஒரு பயனாளர். மெயில் பாஸ்வேர்டு களவுபோனால் கம்ப்யூட்டரின் கதவும் சேர்ந்து திறந்துகொள்ளும். அதை மாற்றியே தீர வேண்டும் என்பதில் மேனேஜருக்கும் எனக்கும் சண்டையில்லை. மெயிலுக்கென்று தனியாக ஒரு பயனாளர் பட்டியல் போட்டு, சர்வரிலிருந்து பிரித்துவிடலாம். அது ஒரு நாள் வேலை. ஆனால் அந்தப் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பாஸ்வேர்டு இருக்கத்தானே செய்யும்?

பாஸ்வேர்டு மறந்தால் ரகசியக் கேள்வி கேட்கிற முறை ஒன்று உண்டு. அம்மா பெயர் என்ன, பிறந்த ஊர் எது, படித்த பள்ளிக்கூடம் எது. எங்கள் மில்லில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாதிப் பேர் மம்சாபுரம், மீதிப் பேர் சுற்று வட்டாரம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் பந்தி பரிமாறியவர்கள். அடுத்த சீட்டுக்காரரின் அம்மா பெயர் மட்டுமில்லை, அந்த அம்மாவுக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை தெரியும். புகுந்தவன் ஊகித்த பாஸ்வேர்டுகூட, ஒருவருடைய குலதெய்வத்தின் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களைச் சேர்த்ததுதான். நான் மனது வைத்தால் ஆபீசில் முக்கால்வாசிப் பேரின் மெயிலை டீ ஆறுவதற்குள் திறந்துவிடுவேன்.

போனுக்கு ஒரு எண் வரும், அதை அடித்தால் திறக்கும் என்ற முறையை மேனேஜரே எடுத்துச் சொன்னார். பேங்கில் அப்படித்தானே என்றார். அவருக்கும் முதலாளிக்கும் தவிர மற்ற எல்லோருக்கும் மில்லுக்குள் போன் கூடாது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. கேட்டில் சுவரோடு ஒரு மரப்பெட்டி இருக்கும், புறாக்கூடு மாதிரி அறை அறையாக. காலையில் அதில் போனை வைத்துவிட்டு நுழைய வேண்டும்.

"அதனால என்ன மேடம்? கேட்டுல இருக்க வாட்ச்மேன் நம்பரைப் பாத்து இன்டர்காம்ல சொல்லட்டும்."

"பொறவு நம்ம சர்வருக்கு வாட்ச்மேன் ஒருத்தர்தான் சார் யூசரு."

மேனேஜர் அதை ரசிக்கவில்லை. ஆனால் போன் யோசனையை அத்தோடு விட்டுவிட்டார். கைரேகை வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தவர், வருகைப் பதிவுக் கருவி பஞ்சுத் தூசியில் பாதி நாள் ஆளைத் தெரியாமல் திணறுவதை நினைத்து அதையும் விட்டார்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது பென் டிரைவ் மாதிரியான ஒரு சின்னச் சாவியை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகிவிட்டு மேலே உள்ள வட்டத்தை ஒரு தொடு தொட்டால் போதும், இது இன்னாருடைய சாவி என்று சர்வருக்குத் தெரிந்து மெயில் திறந்துவிடும். அடிக்க எழுத்தும் இல்லை, நினைக்க எண்ணும் இல்லை. அதைப் பற்றிப் படித்தபோது, முழுகிக்கொண்டிருந்தவள் காலுக்குத் தரை தட்டின மாதிரி இருந்தது.

மேனேஜர் எளிதில் ஒப்பவில்லை. சாவி தொலைந்தால் என்ன செய்வது, எடுத்தவன் எல்லாம் திறப்பானே, அதற்கு மேல் ஒரு ரகசிய எண்ணாவது வையுங்கள் என்றார். எண் வைத்தால் எல்லோரும் அதைச் சாவியின் முதுகிலேயே எழுதி ஒட்டுவார்கள் என்றேன். அதற்குப் பதிலாக, மில்லுக்குள் இருக்கிற எங்கள் கம்ப்யூட்டர்களில் மட்டும் அந்தச் சாவிகள் வேலை செய்யும்படி வைக்கிறேன், வெளியில் எடுத்துப் போனாலும் வெறும் பிளாஸ்டிக்தான் என்றேன். வெளியூரில் இருக்கிறவன் எதை ஊகித்தாலும் உள்ளே வர முடியாது, ஊகிக்க எதுவுமே இல்லை என்றேன். என் வாழ்நாளில் அப்படி வாதாடியது கிடையாது. அவருக்குச் சொன்ன காரணம் அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அது டெஸ்பாட்ச் செக்‌ஷனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு சாவி. ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் தொடக் கூடாது. அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார்.

"நான் பொறுப்பு சார்" என்றேன்.

சாவிகள் வந்தன. கொடுத்த முதல் நாள் சாயங்காலமே கேட்டில் சிக்கல். எங்கள் வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கத்தரிக்கோலோ குடோன் சாவியோ, கம்பெனிப் பொருள் எதுவும் அவரைத் தாண்டி வெளியே போகாது. சுவரில் ஆணி வரிசை அடித்து, சாவிகளையெல்லாம் அதில் தொங்கவிட்டுத்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்.

"அண்ணாச்சி, இது அவிய அவிய கழுத்துல கெடக்க வேண்டிய சாமான்" என்றேன்.

"கழுத்துல கெடந்தா என்ன மேடம், மடியில கெடந்தா என்ன. கம்பெனிப் பொருளு கேட்டத் தாண்டாது. ரூல்ஸ்னா ரூல்ஸுதான்."

எல்லாச் சாவியையும் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். அவர் விடுப்பில் போன ஒரு நாள், மாற்று ஆள் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட, ஆபீஸ் முழுக்க ஒருவர் சாவி ஒருவரிடம். ஒருவருக்கும் தன் மெயில் திறக்கவில்லை. மேனேஜர் அறையிலிருந்து தெலுங்கு கேட்டது. அன்றே நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் செக்‌ஷனுக்குப் போய், நூல் ரகம் தெரிவதற்காக அவர்கள் கட்டுகிற கலர் நூல்களை வாங்கி வந்து, சாவிக்கு ஒரு நிறம் கட்டினேன். என் கணவருக்குச் சிவப்பு.

"சிவப்பு எனக்கு" என்று அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் கேட்டில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே வாட்ச்மேன் சிவப்பை எடுத்து நீட்டிவிடுவார். அவர் போய் உட்கார்ந்து செருகுவார், தொடுவார், திரையில் அவர் பெயர் வரும். ஒரு நாள் நான் பின்னால் நின்றிருந்ததைக் கவனித்துவிட்டு, "பாத்தியா புள்ள, நான் தொட்டதும் கதவத் தெறக்கான்" என்று சிரித்தார். பழைய சிரிப்பு. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ரிப்போர்ட் இல்லை, பூட்டு இல்லை, கொட்டகை இல்லை. தொடத் தெரிந்தால் போதும், அவருக்கு அந்த நாற்காலி உண்டு.

அந்தச் சந்தோஷம் மழைக்காலம் தொடங்குகிற வரைக்கும் இருந்தது.

அன்று மேற்கே மலை தெரியாமல் மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தேன். இன்டர்காம் அடித்தது. அவர்தான்.

"மேடம்" என்றார். ஆபீசில் அவர் என்னை மற்றவர்கள் காதுபட அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்க. சாவி வேலை செய்யலையா?"

"செய்யுது. மெயில் தெறந்துட்டு."

"பொறவு என்ன?"

பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார் போலிருக்கிறது, குரல் அடைத்து வந்தது.

"இதுல நான் என்ன செய்யணும்?"

நான் கதவைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தனை புத்தகத்தையும் புரட்டி, மேனேஜரோடு மல்லுக்கட்டி, அவர் நுழைய ஒரு வழி பண்ணிக் கொடுத்தேன். நுழைந்தவருக்கு எதற்காக நுழைந்தோம் என்று தெரியவில்லை. அதற்கு எந்தக் கம்பெனியும் சாவி செய்து விற்கவில்லை.

"எதையும் தொடாதீங்க. நான் வாரேன்" என்றேன்.

ஒரு பழைய கீபோர்டையும் ஸ்குரூ டிரைவரையும் கையில் எடுத்துக்கொண்டேன். அவற்றோடு போனால் என்னை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஈரோட்டு ஏஜெண்டு, சரக்கு கிளம்பிவிட்டதா, லாரி எண் என்ன என்று கேட்டிருந்தார். அதற்கான பதில் உள்ள டெஸ்பாட்ச் சீட்டு என் கணவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

"சீட்டுல லாரி நம்பர் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். பிசகாமல் படித்தார். நான் அடித்தேன். அவர் எப்போதும் "ஐயா, வணக்கம், தங்கள் சரக்கு நல்லபடியாகக் கிளம்பியது" என்றுதான் ஆரம்பிப்பார்; மில்லில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அதையே எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சரியாகச் செய்துவிட்டாய் என்கிற மாதிரி.

அன்றிலிருந்து தினமும் அவர் கம்ப்யூட்டர் பழுதாகிக்கொண்டே இருக்கிறது. காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை நான் ஸ்குரூ டிரைவரோடு போய் உட்காருகிறேன். அவர் சாவியைத் தொடுகிறார், நான் எழுதுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நாள், "என்னக்கா, அண்ணாச்சி மிஷினுக்கு மட்டும் தீராத வியாதியா இருக்கு?" என்று கேட்டார். ஆமாப்பா, பழைய மிஷின் என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும் என்று தெரியவில்லை. சீட்டைப் படிக்கத் தெரிகிற வரையா, சாவியைத் தொடத் தெரிகிற வரையா? ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் கேட்டில் மேனேஜர் எங்களைப் பார்த்து நின்றார்.

"மேடம், நீங்க கொண்டாந்த முறை பிரமாதம். எந்த மெயில யாரு அனுப்பினாகன்னு இப்ப சந்தேகத்துக்கே இடம் இல்ல. முதலாளிகூடச் சொன்னாரு." என் கணவர் பக்கம் திரும்பி, "உங்க மெயிலெல்லாம் இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"எல்லாம் பழக்கந்தான் சார்" என்றார் என் கணவர்.

வாட்ச்மேன் சிவப்புச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். மரப்பெட்டியிலிருந்து இரண்டு போனையும் நானே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. ராஜபாளையம் தாண்டியதும் அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் சொல்லாத சேதியைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"இன்னைக்கு வந்த மெயிலுக்கெல்லாம் பதில் போட்டுட்டேன் புள்ள. ஒன்னு மிச்சமில்ல. நானேதான் போட்டேன்."

"ஆமாங்க" என்றேன். "நீங்கதான் போட்டீங்க. சர்வரும் அதைத்தான் சொல்லுது."